மடோனாவின் ஆல்பமும் கச்சேரி டிக்கெட்டும்: ரசிகர்கள் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

மடோனா ரசிகர்களுக்குள் பல வருடங்களாகத் தீராத ஒரு வழக்கு உண்டு. 2012 மார்ச்சில் வந்த 'எம்டிஎன்ஏ' ஆல்பம் தன் பலத்தில் முதலிடம் பிடித்ததா, இல்லை கச்சேரி டிக்கெட்டின் தோளில் உட்கார்ந்து வந்து பிடித்ததா? புது ஆல்பம், புதுச் சுற்றுப்பயணம் என்று பேச்சு கிளம்பும்போதெல்லாம் இந்தப் பழைய கணக்கு நோட்டும் மறுபடி விரிக்கப்படுகிறது. அதே கேள்விகள், அதே கோபம். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை சண்டை போடுகிறவர்கள் எண்களையாவது சரியாகச் சொல்வார்கள் என்ற நப்பாசைதான் இது.

2012-ல் என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 5 அன்று இண்டியானாபோலிஸில் நடந்த அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை நிகழ்ச்சியில் மடோனா பாடினார். அமெரிக்காவில் மட்டும் 11 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அதே வாரத்தில் முதல் பாடல் வந்தது, ஆல்பத்துக்கான முன்பதிவு ஓடியது, உலகச் சுற்றுப்பயண அறிவிப்பும் வந்தது. மார்ச் 26 அன்று ஆல்பம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. முதல் வாரம் 3,59,000 பிரதிகள் விற்று, அமெரிக்காவின் வாராந்திர ஆல்பம் பட்டியலான பில்போர்டு 200-ல் முதலிடம். அடுத்த வாரம் 48,000. அதாவது 86.7 சதவீதச் சரிவு. நேராக முதலிடத்தில் நுழைந்த ஒரு ஆல்பம் இரண்டாவது வாரத்தில் இவ்வளவு விழுந்தது, சவுண்ட்ஸ்கேன் 1991-ல் விற்பனையை எண்ணத் தொடங்கியதிலிருந்து அதுவே முதல் முறை.

அந்த 3,59,000-ல் பாதி டிக்கெட்டோடு ஒட்டி வந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பில்போர்டு கணக்குப்படி சுமார் 1,80,000.

அமெரிக்காவில் சுற்றுப்பயணத்துக்கு ஆன்லைனில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஆல்பமும் சேர்த்தே தரப்பட்டது. வாங்கியவர் பிறகு ஒரு இணைப்பில் போய், சிடியாக வேண்டுமா, பதிவிறக்கமாக வேண்டுமா என்று சொல்லிப் பெற்றுக்கொள்ள வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கியவை மட்டுமே விற்பனையாக எண்ணப்பட்டன. சோம்பேறித்தனத்தால் விட்டவர்களின் பிரதிகள் கணக்கில் ஏறவில்லை. ஆகவே 'டிக்கெட் எண்ணிக்கையை அப்படியே ஆல்பம் எண்ணிக்கையாக எழுதிவிட்டார்கள்' என்று ஒரு தரப்பு சொல்வது தவறு. 'டிக்கெட் வாங்கியவர் எல்லாரும் எப்படியும் ஆல்பம் வாங்கியிருப்பார்கள்' என்று மறு தரப்பு சொல்வதும் அதே அளவுக்குத் தவறு. பழைய பாடலான 'லைக் எ பிரேயர்' கேட்பதற்காக மட்டும் வருகிற நாற்பது வயதுக்காரர் புது ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குவாரா என்று உங்கள் மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் அது மோசடிதானே?

இல்லை. அன்றைய விதிப்படி நூற்றுக்கு நூறு சரி. விதி சரியா என்பது வேறு கேள்வி.

இதைத் தொடங்கி வைத்தவர் மடோனா அல்ல. 2004-ல் பாடகர் பிரின்ஸ் தன் 'மியூசிகாலஜி' சுற்றுப்பயணத்தில் அரங்குக்குள் வந்த ஒவ்வொருவர் கையிலும் சிடியைக் கொடுத்தார். விலை டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தது, அத்தனையும் விற்பனையாக எண்ணப்பட்டது. போட்டி நிறுவனங்கள் கத்தின. வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டு வாங்கினால்தான் கணக்கு என்று பில்போர்டு விதியை மாற்றியது. மடோனாவின் ஆட்கள் நடந்தது அந்த மாற்றப்பட்ட விதியின்படிதான்.

ஆனாலும் உறுத்தத்தான் செய்கிறது. புடவையோடு ஒட்டி வரும் ரவிக்கைத் துணியைத் தனி விற்பனை என்று கடைக்காரர் நோட்டில் எழுதினால் சட்டப்படி குற்றமில்லை, ஆனால் 'இந்த வாரம் ரவிக்கைத் துணிக்கு என்ன கூட்டம்!' என்று அவர் பலகை மாட்டினால் சிரிப்பு வராதா? முதலிடம் என்ற பலகை அப்படிப்பட்டது.

டிக்கெட் பிரதிகளைக் கழித்துவிட்டால் முதலிடம் கிடைத்திருக்குமா?

கிடைத்திருக்காது. இதுதான் பலருக்குத் தெரியாத, தெரிந்தாலும் சொல்லப் பிடிக்காத விஷயம்.

3,59,000-ல் 1,80,000 போனால் மிச்சம் 1,79,000. அதே வாரம் இரண்டாம் இடத்தில் நுழைந்தது லயனல் ரிச்சியின் 'டஸ்கீகி', 1,99,000 பிரதிகளுடன். அவர் அறுபதைத் தாண்டியவர். தன் பழைய பாடல்களை அமெரிக்க 'கன்ட்ரி' பாணிப் பாடகர்களோடு சேர்ந்து மறுபடி பாடிய ஆல்பம் அது. ரிச்சி ரசிகர்கள் ரொம்ப நெஞ்சை நிமிர்த்தவும் வேண்டாம். அந்த விற்பனையில் ஒரு பங்கு வீட்டிலிருந்தே வாங்கும் தொலைக்காட்சி விற்பனைச் சேனல் வழியாகப் போனது. யாரும் வெறும் கையோடு களத்துக்கு வரவில்லை.

அடுத்த வாரம் முதலிடத்தைப் பிடித்தவர் ராப் பாடகி நிக்கி மினாஜ். எம்டிஎன்ஏ ஆல்பத்தில் இரண்டு பாடல்களில் விருந்தினராக வந்தவர், சூப்பர் பவுல் மேடையில் மடோனாவுக்குப் பக்கத்தில் நின்றவர். எம்டிஎன்ஏ எட்டாம் இடத்துக்குப் போனது. அப்புறம் டஸ்கீகி நிதானமாக ஏறி முதலிடத்துக்கே வந்துவிட்டது.

86.7 சதவீதச் சரிவு என்றால் ஆல்பம் யாருக்கும் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த எண் அதைச் சொல்லவில்லை. டிக்கெட்டோடு வந்த பிரதிகள் முதல் வாரத்தில் மொத்தமாக வந்து இறங்கின, இரண்டாம் வாரம் அந்தக் குழாய் மூடிவிட்டது. ஐடியூன்ஸில் ஏழு வாரமாகச் சேர்ந்த முன்பதிவுகளும் முதல் வாரக் கணக்கில்தான் விழுந்தன. ஏறி நின்ற இடமே செயற்கையாக உயரம் என்றால் விழும் உயரமும் கூடத்தான் செய்யும்.

இங்கே ரசிகர்கள் வாதத்தை நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்த மாட்டேன். டிக்கெட் பிரதிகளை விட்டுவிட்டே பாருங்கள்: 1,79,000-லிருந்து 48,000. அதுவும் 73 சதவீதச் சரிவு. இன்னொரு பக்கம், 2008-ல் 'ஹார்ட் கேண்டி' எந்த டிக்கெட் துணையும் இல்லாமல் முதல் வாரத்தில் 2,80,000 விற்றது. 2005-ல் 'கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்' 3,50,000, 2000-ல் 'மியூசிக்' 4,20,000. அந்த வரிசையில் எம்டிஎன்ஏவின் 3,59,000-ஐ வைத்து 'பன்னிரண்டு வருடத்தில் இதுதான் சிறந்த தொடக்கம்' என்று கொண்டாடினார்கள். 1,79,000-ஐ வைத்துப் பார்த்தால் கதை தலைகீழ். சிடி விற்பனையே அந்த வருடங்களில் மொத்தமாகச் சரிந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் அநியாயம்.

இதற்கு முந்தைய வருடம் லேடி காகாவின் 'பார்ன் திஸ் வே' முதல் வாரத்தில் 11 லட்சம் விற்று, இரண்டாம் வாரத்தில் 1,74,000-க்கு வந்தது. அமேசான் அதை 99 சென்டுக்கு விற்றது காரணம். அப்போது அதைக் கிண்டல் செய்த மடோனா ரசிகர்கள் பத்து மாதத்தில் அதே கிண்டலை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஒரு முதலிடத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? அவருக்கு இல்லாத பெயரா?

பெயருக்காகச் செய்தது என்று நினைத்தால் பாதியைத்தான் பார்க்கிறீர்கள். பணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

2007 அக்டோபரில் மடோனா, தொடக்கத்திலிருந்து இருந்த வார்னர் நிறுவனத்தை விட்டு லைவ் நேஷனோடு ஒப்பந்தம் போட்டார். பத்து வருடம், சுமார் 12 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. லைவ் நேஷன் பாட்டு வெளியிடும் நிறுவனம் அல்ல, கச்சேரி நடத்தும் நிறுவனம். ஆல்பம், சுற்றுப்பயணம், டி-ஷர்ட், பெயரை வைத்து விற்கும் எல்லாவற்றிலும் பங்கு என்பதுதான் அந்த ஏற்பாடு. 2010-ல் அதே லைவ் நேஷன் டிக்கெட்மாஸ்டரோடு இணைந்தது. ஆக, கச்சேரி நடத்துகிறவரும் டிக்கெட் விற்கிறவரும் ஒரே வீடு. ஆல்பத்தைக் கடைக்குக் கொண்டுபோகும் வேலை மட்டும் இன்டர்ஸ்கோப் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்துக்குப் போனது.

இப்போது கணக்குப் போடுங்கள். எம்டிஎன்ஏ சுற்றுப்பயணம் 88 கச்சேரிகள், சுமார் 22 லட்சம் டிக்கெட், 30.5 கோடி டாலர் வசூல். ஒரு டிக்கெட்டுக்குச் சராசரி கிட்டத்தட்ட 138 டாலர். ஒரு சிடி பத்துப் பதினைந்து டாலர். பத்து டாலர் பொருளை 138 டாலர் பொருளோடு சேர்த்துக் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்? 'முதலிடம் பிடித்த ஆல்பத்தின் சுற்றுப்பயணம்' என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு போதும். முன்பெல்லாம் ஆல்பத்தை விற்கக் கச்சேரி நடத்தினார்கள். மடோனா விஷயத்தில் 2007-லேயே அது திரும்பிவிட்டது. ரசிகர்கள்தான் இன்னும் பழைய நோட்டில் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சுற்றுப்பயணமும் முந்தையதைவிடக் குறைவாகத்தானே வசூலித்தது?

மொத்தத்தில் ஆமாம். 2008, 2009-ல் நடந்த 'ஸ்டிக்கி அண்ட் ஸ்வீட்' 85 கச்சேரிகளில் 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, அன்றைக்குத் தனிப் பாடகர் ஒருவரின் அதிகபட்சம். ஆனால் அதில் 35 லட்சம் பேர் வந்தார்கள், பெரிய பெரிய விளையாட்டு அரங்குகள். தலைக்குச் சராசரி 115 டாலர். அதாவது கூட்டம் குறைந்தது, டிக்கெட் விலை கூடியது. விலையைப் பற்றிப் புலம்புகிறவர்களிடம் நியாயம் இருக்கிறது.

'300 டாலர் கொடுத்து வாருங்கள், நான் அதற்குத் தகுதியானவள்' என்று அவரே சொன்னாரா?

ஏறத்தாழ அப்படித்தான். 2012 பிப்ரவரியில் நியூஸ்வீக் இதழிடம் பேசும்போது, கைப்பை மாதிரி கண்ட பொருளுக்கெல்லாம் 300 டாலர் செலவழிக்கிறீர்களே, வருடம் முழுக்க உழைத்துக் காசு சேர்த்து என் நிகழ்ச்சிக்கு வாருங்கள் என்ற பொருளில் சொன்னார். அமெரிக்காவில் வேலையின்மை 8 சதவீதத்துக்கு மேல் இருந்த நேரம். ரசிகர்களில் ஒரு பகுதி கொதித்தது, இன்னொரு பகுதி 'அவர் சொன்னதில் என்ன பொய்?' என்றது.

என் கட்சி இரண்டும் இல்லை. மேடையில் அவர் கொட்டுகிற செலவு கண்ணுக்குத் தெரியும்: அந்தச் சுற்றுப்பயணத்தில் கட்டை கட்டையாக மேலும் கீழும் ஏறி இறங்கும் மேடைத் தளம், அந்தரத்தில் தொங்கியபடி முரசு அடிக்கும் குழு, ஒரு டஜனுக்கு மேல் நடனக் கலைஞர்கள். விலைக்கு ஒரு காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டிய வாய் அவருடையது அல்ல. கடைக்காரர் சொல்லட்டும். பாடகி வாயிலிருந்து வரும்போது காதில் வேறு மாதிரி விழுகிறது.

பாரீஸில் பாட்டில் வீசினார்கள் என்பது நிஜமா?

2012 ஜூலை 26, ஒலிம்பியா அரங்கம். சுமார் 2,000 பேர் மட்டுமே கொள்ளும், பிரெஞ்சு இசை உலகில் கோயில் மாதிரி மதிக்கப்படும் இடம். இரண்டு வாரம் முன்புதான் ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானத்தில் முழு நிகழ்ச்சி நடத்தியிருந்தார். இந்தச் சிறு அரங்குக்கு ரசிகர்கள் முதல் நாளே வந்து வரிசையில் காத்திருந்தார்கள். மடோனா மேடையேறினார், முக்கால் மணி நேரம் பாடினார், போய்விட்டார். மீண்டும் வருவார் என்று நினைத்துக் காத்திருந்தவர்களுக்கு விளக்கு எரிந்த பிறகுதான் உறைத்தது. 'பணத்தைத் திருப்பிக் கொடு' என்று பிரெஞ்சில் கோஷம், கூச்சல், மேடையை நோக்கிப் பறந்த பொருட்கள்.

இப்படிச் சிறு அரங்க நிகழ்ச்சிகள் எப்போதுமே முக்கால் மணி நேரத்தைத் தாண்டியதில்லை என்று அவர் தரப்பு விளக்கியது. அது உண்மை. 2000-ல் லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில், 2008-ல் நியூயார்க் ரோஸ்லேண்டில், எல்லாம் அப்படித்தான். விவரம் தெரிந்த ரசிகருக்கு அது தெரியும். ஆனால் டிக்கெட்டில் அது கொட்டை எழுத்தில் இருந்திருக்க வேண்டும். ரோஸ்லேண்டில் நடந்தது பாரீஸ்காரருக்கு எப்படித் தெரியும்?

ஏன் எப்போதும் தாமதமாகவே மேடையேறுகிறார்?

ஒரு ராணி தாமதமாக வருவதே இல்லை என்று 2019-ல் லாஸ் வேகாஸ் மேடையிலிருந்தே சொன்னவர் அவர். வேறென்ன பதில் எதிர்பார்க்கிறீர்கள்?

வழக்கும் போட்டுப் பார்த்தார்கள். 2023 டிசம்பரில் புரூக்ளின் பார்க்லேஸ் அரங்கில் இரவு எட்டரை என்று போட்டிருந்த நிகழ்ச்சி பத்தரைக்கு மேல் தொடங்கியதாக இரண்டு ரசிகர்கள் 2024 ஜனவரியில் நீதிமன்றம் போனார்கள். நள்ளிரவு தாண்டி ரயில், பேருந்து குறைவு, காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் முறையீடு. டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கே முக்கியப் பாடகர் மேடையேறுவார் என்று எந்த விவரமான ஆளும், அதிலும் ஒரு மடோனா ரசிகர், எதிர்பார்க்க மாட்டார் என்று எதிர்த்தரப்பு பதில் மனுவில் எழுதியது. ரசிகர்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தப் பதில் மனுவை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி ரயிலை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

எம்.ஐ.ஏ.வுக்கும் இந்த ஆல்பத்துக்கும் என்ன தொடர்பு?

நம்மவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. எம்.ஐ.ஏ. என்பது மேடைப் பெயர்; அவர் மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம், லண்டனில் பிறந்து, சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் அகதியாக லண்டன் திரும்பிய ஈழத் தமிழ்ப் பெண். ஆல்பத்திலிருந்து முதலில் வெளியான பாடலில் நிக்கி மினாஜோடு அவரும் பாடினார். சூப்பர் பவுல் மேடையில் தன் வரிகளைப் பாடி முடித்ததும் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். ஒரு நொடி. மறைக்க வேண்டிய தொலைக்காட்சிக்காரர்கள் மறைப்பதற்குள் அது கடந்துபோய்விட்டது.

அமெரிக்கக் கால்பந்து சங்கம் அவரிடம் முதலில் 15 லட்சம் டாலர் கேட்டது, பிறகு தொகையை 1.66 கோடி டாலருக்கு ஏற்றியது. 2014-ல் சமரசமாக முடிந்தது. மடோனா அப்போதே அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று வானொலியில் கடிந்துகொண்டார். தன் முப்பதுகளின் தொடக்கத்தில் போப்பாண்டவர் வரைக்கும் கோபப்பட வைத்தவராயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். அன்றைய பன்னிரண்டரை நிமிட நிகழ்ச்சியில் இன்றைக்கும் எல்லாருக்கும் நினைவிருப்பது எந்த நொடி என்று சொல்லவும் வேண்டுமா?

அதற்குப் பிறகும் இதே டிக்கெட் உத்தியைத்தானே செய்தார்?

செய்தார். 2015 'ரெபெல் ஹார்ட்', 2019 'மேடம் எக்ஸ்' இரண்டுக்கும்.

ரெபெல் ஹார்ட் கதையில் ஒரு விதி விளையாட்டு இருக்கிறது. 2014 டிசம்பரிலிருந்து பில்போர்டு ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்து எண்ணத் தொடங்கியது: 1,500 முறை கேட்டால் ஒரு ஆல்பம், பத்துப் பாடல்கள் தனித்தனியாக விற்றால் ஒரு ஆல்பம். 2015 மார்ச்சில் ரெபெல் ஹார்ட் 1,16,000 பிரதிகள் விற்றது. 'எம்பயர்' தொலைக்காட்சித் தொடரின் பாடல் தொகுப்பு 1,10,000 விற்றது. பழைய விதியில் மடோனா முதலிடம். புது விதியில் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்ததும் எம்பயர் 1,30,000, மடோனா 1,21,000. இரண்டாம் இடம். 2012-ல் விதி கைகொடுத்தது, 2015-ல் விதி காலை வாரியது. முதல் விதியைக் கொண்டாடிவிட்டு இரண்டாவதைச் சதி என்று சொல்வது நியாயமா?

மேடம் எக்ஸ் முதல் வாரம் 95,000 கணக்கோடு மறுபடி முதலிடம். அதில் 90,000 நேரடி விற்பனை, டிக்கெட் சலுகை நன்றாகவே உதவியது. அடுத்த வாரம் 77-ஆம் இடம்.

இன்றும் இப்படிச் செய்ய முடியுமா?

பழைய மாதிரி முடியாது. 2018-ல் பான் ஜோவி என்ற ராக் இசைக்குழுவின் ஓர் ஆல்பம், வெளிவந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, டிக்கெட் சலுகையால் முதலிடத்துக்குத் திரும்பி வந்தது. அடுத்த வாரம் 169-ஆம் இடம். அதே வருடம் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் டி-ஷர்ட்டோடும் டிக்கெட் முன்னுரிமையோடும் ஆல்பத்தை விற்றுத் தன்னை முந்திவிட்டார் என்று நிக்கி மினாஜ் ஊரைக் கூட்டினார். கேலிக்கூத்தாகிவிட்டது. 2020 ஜனவரியில் விதிகளை இறுக்கினார்கள், அதுவும் போதவில்லை. 2020 அக்டோபரிலிருந்து, டிக்கெட்டுக்குள்ளேயே விலை புதைந்திருக்கும் ஆல்பம் கணக்கில் வராது, தனி விலை போட்டு 'வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று விற்றால்தான் வரும் என்று பில்போர்டு முடிவு செய்தது.

மேடையில் பழைய பாடல்களைப் பாடாமல் புது ஆல்பத்தையே திணிக்கிறாரே?

எம்டிஎன்ஏ சுற்றுப்பயணத்தில் இந்தக் குறை நியாயமானது. 'லைக் எ வர்ஜின்' பாடலைப் பியானோவோடு மெதுவாக, கிட்டத்தட்ட ஒப்பாரி மாதிரி பாடினார். எனக்குப் பிடித்தது, பக்கத்தில் நின்று குதிக்க வந்தவருக்குப் பிடித்திருக்காது. 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' நடுவில் லேடி காகாவின் பாட்டைச் செருகி ஒரு குத்தும் விட்டார்.

2023-ல் தொடங்கிய 'செலிப்ரேஷன்' சுற்றுப்பயணத்தில் புது ஆல்பமே கிடையாது, நாற்பது வருடப் பாடல்கள் மட்டும். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டுமே? 'மேடையில் இசைக்குழு இல்லை, எல்லாம் பதிவு செய்த இசை' என்று அடுத்த புகார் வந்தது. 80 நிகழ்ச்சிகள், சுமார் 22.5 கோடி டாலர். கடைசி நாள், 2024 மே 4, ரியோவின் கோபகபானா கடற்கரையில் டிக்கெட்டே இல்லாமல் பாடினார். 16 லட்சம் பேர் வந்ததாக நகர நிர்வாகம் சொன்னது. அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய கூட்டம் ஓசியில் பார்த்த கூட்டம்தான்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா?

கச்சேரி நடத்த வந்ததில்லை. 2012 ஜூனில் அபுதாபியில் இரண்டு நாள், 2016 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஒரு நாள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்குத்தான் அந்த யோகம். சிங்கப்பூரில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தித்தான் அனுமதித்தார்கள்.

டிக்கெட் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் நாள் பதற்றத்தில் 'பிளாட்டினம்' என்று எழுதியிருப்பதை வாங்காதீர்கள். அது தனிச் சலுகை எதுவும் கொண்ட இருக்கை அல்ல, அதே இருக்கைக்குத் தேவையைப் பார்த்து ஏற்றப்படும் விலை. தேவை குறைந்தால் இறங்கவும் செய்யும்.

மடோனா பெரிய ஊர்களில் ஒரு நாளை முதலில் அறிவித்து, அது தீர்ந்ததும் அடுத்த நாளை அறிவிப்பது வழக்கம். செலிப்ரேஷன் சுற்றுப்பயணத்தில் லண்டன் ஓ2 அரங்கில் மட்டும் ஆறு இரவுகள் ஆயிற்று.  ரசிகர் மன்ற முன்விற்பனை, வங்கி அட்டை முன்விற்பனை, பொது விற்பனை என்று மூன்று கட்டங்கள் இருக்கும். முன்விற்பனையில் எல்லா இருக்கையும் வெளியே விடப்படுவதில்லை, ஆகவே அங்கே கிடைக்கவில்லை என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

விமானம், ஓட்டலை ரத்து செய்ய முடிகிற மாதிரி போடுங்கள். 2023 ஜூன் கடைசியில் கடுமையான தொற்றால் அவர் தீவிர சிகிச்சையில் சேர்க்கப்பட்டபோது, ஜூலையில் தொடங்க வேண்டிய பயணம் அக்டோபருக்குப் போனது. டிக்கெட் செல்லுபடியானது, ஓட்டல் பணம் போனதுதான். மேடம் எக்ஸ் சமயத்திலும் முழங்கால் வலியால் பல இரவுகள் ரத்தாயின.

வயதைக் காரணம் காட்டி வானொலிகள் ஒதுக்குகின்றனவா?

2015-ல் பிபிசி ரேடியோ 1 அவருடைய புதுப் பாடலைத் தன் பட்டியலில் சேர்க்காதபோது பெரிய ரகளை ஆனது. 15 முதல் 29 வயதுக்காரர்களுக்கான நிலையம் அது. வயது காரணமில்லை, நேயர்களுக்குப் பொருந்துமா என்பதே அளவுகோல் என்றது நிலையம். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது. அதே வயது ஆண் பாடகர்களிடம் 'இன்னும் எதற்கு ஆடுகிறீர்கள்' என்று யாரும் கேட்பதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த ஆல்பத்துக்கும் இதே சண்டை வருமா?

வரும். 2025 செப்டம்பரில், வார்னருக்கே திரும்புவதாகவும், இசைத் தயாரிப்பாளர் ஸ்டூவர்ட் பிரைஸோடு சேர்ந்து நடன இசை ஆல்பம் ஒன்றை 2026-ல் தரப்போவதாகவும் அறிவித்தார். 2005 கன்ஃபெஷன்ஸ் ஆல்பத்தின் தொடர்ச்சி. பிரைஸ்தான் அன்றைக்கும் உடன் இருந்தவர், செலிப்ரேஷன் மேடையின் இசைப் பொறுப்பும் அவருடையதே. இந்த முறை கணக்குப் பார்க்கிறவர்கள் முதல் வார எண்ணை விட்டுவிட்டு ஐந்தாவது வார எண்ணைப் பாருங்கள். முன்பதிவு, வினைல், கையெழுத்திட்ட சிடி, எல்லாச் சரக்கும் அதற்குள் தீர்ந்திருக்கும்.

எல்லாம் சரி, எம்டிஎன்ஏ நல்ல ஆல்பமா?

பாதி நல்ல ஆல்பம். மார்ட்டின் சோல்வேக், பென்னி பெனாசி கைவண்ணத்தில் வந்த நடனப் பாடல்கள் அந்த வருட வானொலிக்காக அளவெடுத்துத் தைத்தவை, அந்த வருடத்தோடு சாயம் போய்விட்டன. முதலிடத்துக்காக முன்னால் தள்ளப்பட்டவையும் அவைதான். வில்லியம் ஆர்பிட்டோடு செய்தவை வேறு. 1998 'ரே ஆஃப் லைட்' கூட்டணி அது. 'லவ் ஸ்பென்ட்' பாடல் பாஞ்சோ தந்திகளோடு தொடங்கி, பணத்தைக் கொஞ்சுகிற மாதிரி என்னைக் கொஞ்சியிருக்கக் கூடாதா என்று கேட்கிறது. விவாகரத்து முடிந்து மூன்று வருடம் ஆன பெண்ணின் கேள்வி. கடைசிப் பாடலான 'ஃபாலிங் ஃப்ரீ'யில் தாளமே கிடையாது. இரண்டும் தனிப் பாடலாக வெளியிடப்படவில்லை, பட்டியல் சண்டையில் இவற்றின் பெயரை யாரும் சொல்வதுமில்லை. புதிதாகக் கேட்கிறவர்கள் கடைசி நான்கு பாடல்களிலிருந்து தொடங்குங்கள். பிடித்தால் முன்னால் போகலாம்.